ஐஸ் பெட்டிக்குள் போன ரத்தம்

மெட்ராஸுக்குப் போகிறேன் என்றதும் பினாங்கில் எனக்குத் தெரிந்த பெண்கள் எல்லாம் புடவைப் பட்டியலோடு வந்துவிட்டார்கள். நான் போவது சீழைப் பற்றிப் படிக்க என்று சொன்னேன். ஒருத்தி பட்டியலை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "அதற்கு எதற்குக் கப்பல்? இங்கேயே நிறைய இருக்கிறதே" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆஸ்பத்திரி பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருஷமாக நுண்ணோக்கி முன் உட்கார்ந்து முதுகு வளைந்தவள் நான். எலும்புக்குள் கிருமி புகுந்து வருஷக்கணக்கில் ஒழுகும் கால்கள், வீங்கிய மூட்டுகள், இவற்றிலிருந்து எடுத்த சீழைக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்ப்பேன். கிருமியின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டால் என் வேலை முடிந்தது. அந்தக் கிருமியோடு மல்லுக்கட்டும் வெள்ளை அணுக்களைப் பற்றி யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் பார்த்ததில்லை. ராயபுரத்தில் ஒரு டாக்டரம்மா அதைத்தான் கேட்கிறார், அதற்கு ஒரு நீலச் சோதனை வைத்திருக்கிறார் என்று எங்கள் தலைமை டாக்டர் எங்கோ கேள்விப்பட்டார். "சரோஜா, இரண்டு வாரம் போய்க் கற்றுக்கொண்டு வா" என்று என்னைக் கப்பலேற்றிவிட்டார்.

இறங்கியது ஒரு திங்கட்கிழமை காலை. துறைமுக வாசலில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தேன். எங்கள் ஊரில் ரிக்‌ஷாக்காரர் பின்னால் இருந்து மிதிப்பார், நாம் முன்னால் உட்கார்ந்திருப்போம். எது மோதினாலும் முதல் அடி நமக்கு. இங்கே அவர் முன்னால், நான் பின்னால். நல்ல ஏற்பாடு என்று சாய்ந்து உட்கார்ந்தேன். கல்மண்டபம் வருவதற்குள் சங்கிலி இரண்டு தடவை கழன்றது.

"குந்துமா, எறங்காத. ரெண்டே நிமிட்டு" என்று ரிக்‌ஷாக்காரர் தரையில் உட்கார்ந்து சங்கிலியை மாட்டினார். "எந்தூரு நீ?"

பினாங்கு என்றேன்.

"அங்க ரிக்‌ஷா கீதா?"

இருக்கிறது என்றேன். "அதுல செயின் கயலுமா?" என்று கேட்டார். கழலும் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. எல்லா ஊரும் ஒன்றுதான் என்று அவருக்கு ஒரு நிம்மதி.

ஆஸ்பத்திரியில் நர்சுகள் விடுதியில் ஒரு கட்டில் கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் மாதா கோயில் மணியும், ரயில் இன்ஜின் ஊதலும், கருவாட்டு வாசனையும் சேர்ந்தே வரும். காபி எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஊர்க் காபிக்கொட்டையை வெண்ணெயும் சர்க்கரையும் போட்டுக் கருக வறுப்பார்கள். இங்கே பாலுக்கு நடுவில் காபியைத் தேட வேண்டியிருக்கிறது. இட்லிக்கு மட்டும் தலைவணங்கினேன்.

டாக்டரம்மா சிறிய உருவம், பெரிய கண்ணாடி. கோபமோ கவலையோ வந்தால் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவார். இரண்டு நாட்களில் சோதனையைக் கற்றுக்கொடுத்துவிட்டார். நோயாளியின் ரத்தத்தோடு ஒரு மஞ்சள் சாயநீரைக் கலந்து, உடம்புச் சூட்டிலுள்ள தண்ணீர்த் தொட்டியில் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும். வேலை செய்கிற வெள்ளை அணு அந்தச் சாயத்தை விழுங்கும். விழுங்கிய சாயம் அதன் வயிற்றுக்குள் கருநீலமாகும். கிருமியைக் கொல்ல அந்த அணு எந்தத் தீயை மூட்டுகிறதோ, அதுவேதான் சாயத்தையும் நீலமாக்குகிறது. நீலமானால் அணுவுக்குச் சண்டைபோடத் தெம்பு இருக்கிறது. ஆகாவிட்டால், கிருமியை விழுங்கினாலும் அதைக் கொல்ல முடியாது.

பதினோரு வருஷம் சீழ் பார்த்தவளுக்கு இது புதிது. சீழின் ஒவ்வொரு சொட்டிலும் இந்த வெள்ளை அணுக்கள் இத்தனை பேர் செத்துக் கிடந்திருக்கிறார்கள், நான் எதிரியின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை மாலை டாக்டரம்மா ஒரு எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சவரிமுத்து என்பவருடைய கால். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், எலும்புக்குள் வெள்ளையாக ஒரு சில்லு தனியாகத் தெரிந்தது.

"இது செத்த எலும்பு. இதற்குள் ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாத இடத்துக்கு வெள்ளை அணு போக முடியாது. கிருமி இதற்குள் குடித்தனம் பண்ணுகிறது. வெளியே அணுக்கள் வந்து வந்து மடிகின்றன. நாலு வருஷமாக இதே கதை."

இரண்டு தடவை திறந்து சுரண்டியும் மறுபடி ஒழுகியிருக்கிறது. வருகிற திங்கட்கிழமை சர்ஜன்கள் கூடி முடிவெடுக்கப் போகிறார்கள். பெரிய சர்ஜன் காலை எடுத்துவிடலாம் என்கிறார். "அணுக்கள் நன்றாக இருக்கின்றன என்று காட்ட முடிந்தால், செத்த துண்டை முழுசாக எடுத்துவிட்டுக் காலை விட்டுவையுங்கள் என்று நான் கேட்கலாம். அணுவே சரியில்லை என்றால் எனக்குக் கேட்க வாய் கிடையாது" என்றார்.

"அவர் எந்த வார்டு?" என்றேன்.

பேனா மூடி திறந்து மூடியது. "ஓடிப்போய்விட்டார். எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் மனைவியின் தாய்வீட்டில் இருக்கிறாராம். வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் அங்கிருந்தும் ஓடுவார். உங்களை அவருக்குத் தெரியாது. சாதாரணப் புடவையில் போய் ரத்தம் எடுத்து வர முடியுமா?"

வியாழக்கிழமை காலை எண்ணூர் பஸ்ஸில் ஏறினேன். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் என்னை அலசிக்கொண்டு வந்தார்கள். "காதில் இருப்பது தங்கமா, கவரிங்கா?" என்றாள் ஒருத்தி. "பெட்டியைப் பார். மருத்துவச்சி. யாருக்கோ தலைப்பிரசவம்" என்றாள் மற்றவள். நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தின் லயன் குடியிருப்பில் பக்கத்து வீடு தெலுங்குக்காரர்கள், எனக்கு அந்தப் பாஷை நன்றாக வரும். திரும்பி, "தங்கம்தான் அம்மா, பிரசவம் இல்லை" என்று தெலுங்கிலேயே சொன்னேன். பஸ்ஸே சிரித்தது. அபராதமாக எனக்கு ஒரு பனங்கிழங்கு கிடைத்தது. அதை எப்படித் தின்பது என்று தெரியாமல் நாரோடு மென்று, திருவொற்றியூர் தாண்டும்வரை பல் குத்திக்கொண்டிருந்தேன்.

எண்ணூரில் இறங்கி நடந்தேன். ஒரு பக்கம் கடல், எதிரே அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி. காலில் ஒட்டியது மணலா சாம்பலா என்று சொல்ல முடியவில்லை. கழிமுகத்துக் கரையில் ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதன் நிழலில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், ஒரு காலைப் பலகை மேல் நீட்டி உட்கார்ந்து, பலகைச் சந்தில் பஞ்சுத் திரியை வைத்து உளியால் அடித்து இறக்கிக்கொண்டிருந்தார். நீட்டிய காலில் கட்டு. அவர்தான்.

துறைமுகத்தில் சரக்குப் படகுகளுக்குக் கலப்பத்து போடுவது சவரிமுத்துவின் வேலை. சந்துகளில் பஞ்சை இறக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசி, தண்ணீர் புகாமல் அடைக்க வேண்டும். ஒரு நாள் மேலிருந்து விழுந்த பலகை காலை உடைத்தது. அதிலிருந்துதான் எல்லாம்.

யார் அனுப்பினார்கள் என்று நான் மறைக்கவில்லை. ஓடுவார் என்று பார்த்தேன். உளியை மட்டும் கீழே வைத்தார்.

"கட்டில்ல படுத்தா காலை எட்த்துருவாங்கோ. ரத்தம் வோணும்னா இங்கியே எட்த்துக்கோ. நா வரமாட்டேன்."

கட்டைப் பிரித்துப் பார்த்தேன். சீழ் வடியும் சின்னத் துவாரம். சுற்றிலும் தோல் கறுத்துப் பொரிந்திருந்தது. என்ன இது என்றேன்.

பதில் அவர் மனைவி பிலோமினாவிடமிருந்து வந்தது. மீன் விற்கிறவள். கூடையை அப்போதுதான் இறக்கிவைத்திருந்தாள். "அத்த ஏன் கேக்குறே யக்கா. ஒயுகுதுன்னு போன வருசம் பஞ்ச சொருகி, குங்கிலியத்த காச்சி ஊத்தி அடைச்சிக்கினாரு. மூணு நாள் காய்ச்சல். கண்ணு மேல சொருகிப்பூட்சி."

"ஒயுகுனா அடைக்கறதுதானே நம்ம தொயிலு?" என்றார் சவரிமுத்து, கொஞ்சம் அசடு வழிய.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. உள்ளே இருப்பதை வெளியே தள்ள உடம்பு வைத்திருந்த ஒரே வாசல் அது. அதைச் சொன்னேன். "இப்ப தெரியுது" என்றார்.

ரத்தம் எடுத்தேன். உறையாமல் இருக்க மருந்து சேர்த்த கண்ணாடிக் குழாய். அதை மூடிப் பஞ்சில் சுற்றுவதற்குள் பிலோமினா கை நீட்டினாள். "குடு யக்கா, நா பத்தரமா வெக்கிறேன். நீ வந்து சாப்புடு. இவ்ளோ தூரம் வந்துட்டு வெறும் வயித்தோட போவியா?"

கழிமுகத்து மடவை மீனில் குழம்பு. எங்கள் ஊரில் மீன் குழம்பு என்றால் தேங்காய்ப்பால், வெண்டைக்காய், கறிவேப்பிலை என்று ஒரு கல்யாணமே நடக்கும். இங்கே புளி, மிளகாய், மல்லி, அவ்வளவுதான். மீன்தான் மாப்பிள்ளை. இரண்டு தடவை சோறு வாங்கினேன். பிலோமினா பினாங்கில் வஞ்சிரம் என்ன விலை, அங்கே மாதா கோயில் உண்டா என்று விசாரித்தாள். ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. புறப்படும்போது குழாயைத் துடைத்து, பஞ்சில் சுற்றி, அவளே என் பெட்டிக்குள் வைத்தாள்.

திரும்பும் வழியில் ஒரு ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. எண்ணெய் டாங்கர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மணலியிலிருந்து வந்துகொண்டே இருந்தன. கண்டக்டர் இறங்கி டீ குடித்தார். டிரைவர் குடித்தார். கேட்டைத் திறப்பதற்குள் நான்கூட ஒரு டீ குடித்திருக்கலாம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோதனைக்கு ஒரு ஒப்பு வேண்டும். நோயில்லாத ஒருவருடைய ரத்தத்தையும் கூடவே வைத்துப் பார்ப்பது வழக்கம். கூடத்துக்கு வந்ததும் என் கையிலேயே குத்தி எடுத்து, இரண்டுக்கும் சாயம் கலந்து வைத்தேன். மாலையில் நுண்ணோக்கியில் பார்த்தோம். என் அணுக்களில் நீலம் தெரிந்தது. சவரிமுத்துவின் அணுக்கள் வெளிறிப் போய்க் கிடந்தன. நீலமானவற்றை விரல் விட்டு எண்ணலாம்.

டாக்டரம்மா இன்னொரு தடவை எண்ணினார். பிறகு நோட்டில் எழுதினார். "அவ்வளவுதான், சரோஜா. திங்கட்கிழமை நான் பேச எதுவும் இல்லை."

கேட்டில் நின்றதால் இருக்குமோ என்று கேட்டேன். அவ்வளவு தாமதம் பெரிய விஷயமில்லை என்றார். நெட்டுக்குப்பத்தில் நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கால் என் கண்ணை விட்டுப் போகவில்லை. இன்னும் நாலு நாளில் அதை எடுப்பதென்று முடிவாகிவிடும்.

குழாய்களைக் கழுவ உட்கார்ந்தேன். அவர் குழாயின் ரப்பர் மூடிக்கு அடியில் ஏதோ மின்னியது. விரல் நகத்தால் எடுத்துப் பார்த்தேன். மீன் செதில்.

நான் இவ்வளவு மக்கு என்று அதுவரை எனக்குத் தெரியாது. மீன் விற்கிறவள் கையில் ஒரு பொருளைக் கொடுத்து, கெட்டுப்போகாமல் வைத்திரு என்றால் எங்கே வைப்பாள்? அந்தக் கரை முழுக்க, கெடக்கூடாத பொருள் எதுவும் போகிற இடம் ஒன்றுதான், ஐஸ் பெட்டி. ஒன்றரை மணி நேரம் அந்த அணுக்கள் மடவை மீனுக்கு நடுவில் விறைத்துக் கிடந்திருக்கின்றன. நான் குழம்புக்குச் சோறு வாங்கிக்கொண்டிருந்தேன். என் ரத்தமோ கையிலிருந்து நேரே சாயத்துக்குப் போனது. இரண்டையும் ஒப்பிட்டுத் தீர்ப்பு வேறு எழுதிவிட்டோம்.

டாக்டரம்மா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். செதிலை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். பினாங்கிலிருந்து பாடம் படிக்க வந்தவள் செய்த காரியத்தை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் செதிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பேனாவைத் தொடவில்லை.

"ஐஸ் கூடாது என்று நீங்கள் அந்தம்மாவிடம் சொல்லவில்லை. நான் உங்களிடம் சொல்லவில்லை. நாளைக்கு உங்கள் ரத்தத்தை ஐஸில் வைப்போம்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் கட்டி வாங்கி வந்து, என் ரத்தத்தை அதில் அதே ஒன்றரை மணி நேரம் புதைத்து வைத்தோம். பிறகு சாயம். என் அணுக்களும் வெளிறிப்போய்க் கிடந்தன. தன் ரத்தம் வேலை செய்யவில்லை என்று இவ்வளவு சந்தோஷப்பட்டவள் ராயபுரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்தச் சந்தோஷத்தில் கடற்கரைச் சாலைப் பக்கம் போய் அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் போடுகிற நூடுல்ஸ். முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், வறுத்த வெங்காயம் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் மீ என்கிற நூடுல்ஸைச் சீனர் இரும்புச் சட்டியில் நெருப்புப் பறக்கக் கிளறுவார். இது நெருப்பே பார்க்காமல் தட்டுக்கு வருகிறது. கடைக்காரர் நான் எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, "அப்ப உனுக்கு இது புச்சு இல்லியே" என்று இன்னொரு பிடி வைத்தார். நான் அதுவரை சாப்பிட்டதே இல்லை என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை மறுபடி நெட்டுக்குப்பம். என்னைப் பார்த்ததும் சவரிமுத்து சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"இன்னாம்மா இது பேஜாரு? நா இன்னா பால்மாடா, வந்து வந்து கறந்துகினு போறதுக்கு?"

நடந்ததைச் சொன்னேன். பிலோமினாவும் பக்கத்தில் வந்து நின்றாள். அணுக்கள் குளிரில் விறைத்துப் போனதால்தான் சோதனை தப்பாக வந்தது, அதை நம்பியிருந்தால் திங்கட்கிழமை அவர் காலை எடுக்கச் சொல்லியிருப்பார்கள் என்ற இடத்துக்கு வந்ததும் அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நானா? நானா யக்கா அவரு காலுக்கு எமனா பூட்டேன்? கெட்டுப்பூடக் கூடாதுன்னுதானே அடியில, நல்ல ஐஸ் பாத்து வெச்சேன்..."

தப்பு என்னுடையது, நான்தான் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அவள் காதில் விழவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். சவரிமுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த தபா எட்த்து, அதுலயும் நீலம் வரலைன்னா?" என்று என்னைக் கேட்டார்.

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அப்போது கால் போகலாம்" என்றேன்.

"வந்தா?"

"வந்தால் டாக்டரம்மா உங்களுக்காகச் சண்டை போடுவார். அந்தச் செத்த எலும்பை எடுத்தால் கால் நிற்க வாய்ப்பு இருக்கிறது. அதற்கு நீங்கள் கட்டிலில் படுக்க வேண்டும்."

அவர் படகுப் பக்கம் திரும்பினார். பக்கத்தில் பெயர்த்துப் போட்டிருந்த ஒரு பலகையை உளியால் குத்தினார். உளி மெத்தென்று உள்ளே போனது. "உளுத்த பலகைய கயட்டாம மேல எத்தினி பஞ்சு சொருகுனாலும் நிக்காது. எனக்கு இது தெரியாதா?" என்றார், யாரையோ திட்டுவது போல. அப்புறம் சட்டைக் கையை மேலே ஏற்றினார். "எடும்மா. ஏ பிலோமி, அயுவாத. ஏந்து வா."

இந்தத் தடவை நான் என் ரத்தத்தையும் அங்கேயே எடுத்தேன். இரண்டு குழாயும் ஒரே வழியில், ஒரே சூட்டில் போக வேண்டும் என்றேன். உடம்புச் சூடுதான் வேண்டும் என்றதும் பிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு குழாயையும் வாங்கிப் பஞ்சில் சுற்றி, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். "வா யக்கா. நானே கொணாந்து உன் டாக்டரு கையில குடுக்கிறேன்."

பஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரமாக பஸ்ஸே வரவில்லை என்றார்கள். எங்கோ வழியில் படுத்துவிட்டதாம். பிலோமினா சாலை நடுவில் போய் நின்று ஒரு உப்பு லாரியை நிறுத்தினாள். டிரைவர் பக்கத்தில் இருவரும் ஏறிக்கொண்டோம். இன்ஜின் சூட்டில் எனக்கு வியர்த்துக் கொட்டியது, ரத்தத்துக்கு நல்லது என்று பொறுத்துக்கொண்டேன். பிலோமினா இரண்டு கையாலும் மார்பைக் கட்டிக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா, நெஞ்சு வலியா?" என்று டிரைவர் கேட்டார்.

"இல்ல நைனா. எம் புருசன் ரத்தம் கீது உள்ள. நீ பள்ளம் பாத்து ஓட்டு."

டிரைவர் பிரேக்கை மிதித்த மிதியில் என் தலை கண்ணாடியில் இடித்தது. விஷயத்தை விளக்கியதும் மனிதர் வேறு ஆளாகிவிட்டார். திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிட்டு, "நீலம் வந்துச்சா இல்லியான்னு நா எப்டி தெரிஞ்சிக்கறது?" என்று கேட்டார். பிலோமினா, திங்கட்கிழமை சாயங்காலம் காசிமேட்டில் தன் மீன் கடைக்கு வந்து கேட்கச் சொன்னாள்.

சாயம் கலந்து, தொட்டியில் வைத்து, கண்ணாடியில் தடவிக் காயவைக்கும்வரை பிலோமினா வராந்தாவில் ஜெபமாலை உருட்டினாள். டாக்டரம்மா முதலில் என்னுடையதைப் பார்த்தார். நீலம் இருந்தது. அடுத்து சவரிமுத்துவுடையது. ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து நாற்காலியை எனக்குக் கொடுத்தார்.

நீலம். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, வயிறு நிறையக் கருநீலத்தோடு. என் அணுக்களைவிட அவருடையவை அதிகமாக நீலமாகியிருந்தன. என்னுடையவை சும்மா இருக்கிறவை. அவருடையவை நாலு வருஷமாக ஓயாத சண்டையில் இருப்பவை, கூடத்துக்கு வந்த பிறகும் சாயத்தின் மேல் பாய்ந்திருக்கின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நுண்ணோக்கி மங்கலாகிவிட்டது என்று துடைத்தேன்.

பிலோமினாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். முதலில் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு பார்த்தாள். ஒரு கண்ணைத் திறக்கச் சொன்னதும் அப்படியே அசையாமல் நின்றாள்.

"இதெல்லாம் அவரா?"

"அவர்தான்."

"இத்தினி பேரு உள்ள நின்னு சண்ட போட்டுக்கினு கீறாங்கோ. இந்த ஆளு இன்னாடான்னா கட்டிலுக்குப் பயந்துகினு ஓடியாந்துட்டாரு!"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு சவரிமுத்துவை அவளே வார்டுக்கு இட்டு வந்து படுக்கவைத்தாள். திங்கட்கிழமை சர்ஜன்கள் கூடிய அறைக்கு வெளியே நான் நின்றேன். டாக்டரம்மாவின் குரல் மெல்லத் தொடங்கி உயர்ந்தது. ஒரு கட்டத்தில் பெரிய சர்ஜன் வெளியே வந்து, என்னைத் தாண்டிக் கூடத்துக்குப் போய், தானே நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார். நல்ல மனிதர்தான், சீக்கிரம் நம்புகிறவர் இல்லை. "இது ஒன்றை மட்டும் வைத்து நான் முடிவெடுக்க மாட்டேன். ஆனால் எக்ஸ்ரேயில் அந்தத் துண்டு தனியாகப் பிரிந்து நிற்கிறது. திறக்கிறேன். உள்ளே எலும்பு மொத்தமும் போயிருந்தால் அங்கேயே காலை எடுத்துவிடுவேன். இரண்டுக்கும் சேர்த்துச் சம்மதம் வாங்குங்கள்" என்றார்.

சவரிமுத்து இரண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். மயக்கம் தெளியும்போது எது இருக்கும் என்று தெரியாமல் கையெழுத்துப் போட்ட அந்த மனிதரின் முகத்தை அன்று அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

ஆபரேஷன் புதன்கிழமை. பிலோமினா அன்று கடைக்குப் போகவில்லை. நானும் கூடத்துக்குப் போகவில்லை. வராந்தாவில் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவரை உள்ளே கொண்டுபோன கதவு மதியம் வரை திறக்கவில்லை. பினாங்கில் எத்தனையோ கால்களின் சீழைப் பார்த்திருக்கிறேன், ஒன்றுக்காகவும் இப்படிக் கதவைப் பார்த்து உட்கார்ந்ததில்லை.

டாக்டரம்மாதான் முதலில் வெளியே வந்தார். விரல் நீளத்துக்கு ஒரு செத்த எலும்புத் துண்டு வந்திருக்கிறது, அதைச் சுற்றி இருந்த எலும்பைச் சுரண்டியதில் ரத்தம் நன்றாகக் கசிந்தது, ரத்தம் கசிகிற எலும்பு உயிருள்ள எலும்பு என்றார். காலை எடுக்கவில்லை. ஆறு மாதமாவது பார்த்துத்தான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும், மறுபடி ஒழுகலாம், ஒழுகாமலும் போகலாம் என்றும் சொன்னார். பிலோமினா முதல் பாதியைக் கேட்டதோடு எழுந்து வார்டுக்குப் போய்விட்டாள்.

சவரிமுத்துவைக் கொண்டுவந்து கிடத்தி, கழுத்து வரை கம்பளியைப் போர்த்தியிருந்தார்கள். ரொம்ப நேரம் கழித்து இமை அசைந்தது. உதட்டை நக்கிக்கொண்டார். கழுத்தைத் தூக்கிக் கீழே பார்க்க முயன்று முடியாமல் தலையைப் போட்டுவிட்டார். எங்களைப் பார்க்கவே பயந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஏ பிலோமி... கால் கீதா?"

அவள் கட்டிலின் கால்மாட்டுக்குப் போனாள். கம்பளிக்குள் கையை விட்டாள். துழாவி, கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கட்டைவிரலைப் பிடித்து, நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"ஐயோ! ஏண்டி!"

வார்டே திரும்பிப் பார்த்தது.

"கீதுய்யா" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.